பதிமூன்று மில்லிமீட்டர் தோல்

கூத்தாநல்லூரில் டிராவல்ஸ் மாடியில் ஒற்றைப் பூல் மேசை.
நைனா முகமது பினாங்கிலிருந்து திரும்பியபோது
பீரோ வாங்காமல் இதை வாங்கிவந்தார்.
பச்சைத்துணி ஓரிடத்தில் மட்டும் வெளுத்திருக்கும்.
எல்லாரும் அங்கிருந்துதான் தொடங்குகிறோம்.

நேற்று எட்டாம் பந்தை அடிக்கையில்
டிக் என்றொரு சத்தம்.
வெள்ளைப்பந்து கடன்காரனைக் கண்டவன்போல
ஓரமாய் ஒதுங்கிப் போயிற்று.
கோல் முனைத் தோல் மேசைக்கடியில் கிடந்தது
வறுத்த சுண்டைக்காயாக.

இன்று கண்ணாடிமேல் மூன்று வைத்தார் நைனா.

முதலாவது நாற்பது ரூபாய்.
நகம் வைத்தால் பதிகிறது, எழுந்துவர நேரமெடுக்கிறது.
'மெத்துனு பந்தைக் கொஞ்சம் புடிச்சு வச்சுக்கும் சார்.
சுத்திவிட நல்லாருக்கும்.
ஆனா ஐப்பசி தாண்டாது.
நம்மூரு காத்துக்குக் காளானா விரிஞ்சிரும்.'

அடுத்தது எருமை.
ஒரு சாணிலிருந்து கண்ணாடியில் போட்டேன்.
சோற்றில் கல் கடிபட்டதுபோல் ஒலித்தது.
'அடிச்ச இடத்துக்குத்தான் போவும்.
சாக் நிக்காது. அடிக்கடி தேய்ச்சுக்கணும்.'

மூன்றாவதை அவர் விரலால் தொடவில்லை.
சாக் டப்பா மூடியால் என் பக்கம் தள்ளினார்.
'ஒம்பது அடுக்கு. பன்னித்தோலாம். முந்நூத்தம்பது.
நீங்களே எடுத்துப் பாத்துக்குங்க.'

எனக்குத் தெரிந்த சோதனை ஒன்றுதான்.
பகலில் நான் கொள்முதல் நிலையத்துப் பட்டியல் எழுத்தர்.
கிண்ணத்தில் நெல்லைப் போட்டுத் திருகை இறுக்கினால்
கருவி ஈரத்தை எண்ணில் சொல்லும்.
பதினேழு வரை எடை ஏறும்.
அதற்குமேல் என்றால் களத்தில் விரித்துக் காயவை.
தளர்த்தச் சொல்லி மனு போயிருக்கிறது,
குழு வந்து பார்க்கும் என்கிறார்கள்,
வரும்வரை பதினேழு.
கருவிக்கு முன்னால் நான் பல்லில் வைத்துப் பார்ப்பேன்.
டக்கென்று உடைந்தால் கருவியே வேண்டாம்.

பழக்கதோஷம்,
மூன்றையும் ஒவ்வொன்றாய்க் கடித்தேன்.
நைனா கடைசி ஒன்றுக்கு
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை பக்கிரிசாமி நெல் பத்தொன்பது காட்டியது.
வேறு மூட்டையில் கைவிட்டு அள்ளினேன்.
பதினெட்டரை.
அவர் ஒன்றும் சொல்லவில்லை,
தார்ப்பாயின் நான்கு மூலையையும் இழுத்து
நிதானமாகச் செங்கல் வைத்தார்.
புதன் மழை.
வியாழன் மழை.
வெள்ளிக்கிழமை குவியலின் அடியில்
வெள்ளையாய் முளை.

மாடிப்படியில் ஈரச் செருப்புச் சத்தம்.
பக்கிரிசாமியின் மகன் இளங்கீரன்.
சனிக்கிழமைகளில் என்னோடு ஆடுகிறவன்.
தோற்றவர் மேசை வாடகை கொடுப்பது வழக்கம்,
வேறு பந்தயம் இல்லை.
இந்த வாரம் வரமாட்டான் என்று நினைத்திருந்தேன்.

தலையைத் துவட்டிக்கொண்டே மூன்றையும் பார்த்தான்.
எருமையை எடுத்து உள்ளங்கையில் உருட்டினான்.
'கல்லு மாதிரி இருக்கே.
இதப் போடுங்க சார், உங்களுக்கு இதான் சரி.'

ஒன்பது அடுக்கைத்தான் எடுப்பதாக இருந்தேன்.
எருமைக்குப் பணம் கொடுத்தேன்.

பழைய பசையை பிளேடால் சுரண்டி
உப்புத்தாளில் தேய்த்து, ஒரு சொட்டு விட்டு
தோலை நடுவில் வைத்தேன்.
கொஞ்சம் விலகித்தான் உட்கார்ந்தது.
'தலைகீழா ஊனி அழுத்தணும்,
இருவது எண்ணுற வரைக்கும்' என்றார் நைனா.

என் கட்டைவிரலெல்லாம் பசை.
இளங்கீரன் கோலை வாங்கித் தரையில் ஊன்றினான்.
உடம்பின் எடையை அதன்மேல் சாய்த்து
சத்தமாய் எண்ணினான்.

பதினைந்து.
பதினாறு.
பதினேழு.
நிறுத்தினான்.

கீழே ஒரு பேருந்து
மன்னார்குடி மன்னார்குடி என்று கூவிக்கொண்டு
தண்ணீரைக் கிழித்துப் போயிற்று.
அவன் நிமிரவில்லை.
தோல் விளிம்பில் பிதுங்கி வெளுக்கும் பசையையே பார்த்தான்.

பதினெட்டு, என்றான்.
பத்தொன்பது.

கோலை என்னிடம் நீட்டினான்.
இருபதை யாரும் எண்ணவில்லை.